சித்தாண்டியின் செவிகளுக்கு ஒரு திறந்த மடல்

சித்தாண்டியிலும், மாவடிவேம்பு, முறக்கொட்டாஞ்சேனை, சந்திவெளி, வந்தாறுமூலை முதலிய அயலூர்களிலும் வாழ்ந்துகொண்டு, பிறருடைய அந்தரங்கப் பேச்சை அவர் அறியாமல் கேட்டும், கேட்டதைக் கைத்தொலைபேசியில் பதிந்து வைத்தும் வருகின்ற அன்பர்களுக்கு,

உங்களுள் பலரை நான் முகமறிய அறிவேன். சிலருக்கு நெடுங்கணக்குச் சொல்லிக் கொடுத்தவனும் நானே. ஆதலால் எவரையும் பெயர் சுட்டி அழைப்பதற்கு எனக்கு வகையில்லாமல் இல்லை; ஆயினும், தனிமையில் அறிந்ததைச் சந்தியில் வைத்துச் சொல்லுகின்ற காரியத்தைக் கண்டிப்பதற்கென்றே எழுத உட்கார்ந்தவன் அதே காரியத்தைத் தானும் செய்துகொண்டு எழுதுவது தகாது என்பதனால், உங்கள் எல்லோரையும் ஒருசேர விளிக்கிறேன். பொருந்துகிறவர் தமக்கென்று எடுத்துக்கொள்க. பொருந்தாதவர் அடுத்த வீட்டுக்காரரை நினைத்துக்கொண்டு இதை வாசிக்க வேண்டாம்.

நம் பக்கத்தில் வேரூன்றிவிட்ட வழக்கம் ஒன்றை முதலில் உங்கள் முன் வைக்கிறேன். சவூதியிலோ குவைத்திலோ வீட்டுப் பணிப்பெண்ணாய் உழைக்கின்ற ஒருத்தி, எசமானியின் பிள்ளைகள் உறங்கிய பின்னர், சமையலறை மூலையில் குந்தியிருந்துகொண்டு, இமோ செயலியில் வீட்டுக்கு அழைக்கிறாள். இங்கே கணவன் போனைப் பாயின் நடுவிலே வைத்து ஸ்பீக்கரில் போடுகிறான். சுற்றிவர மாமியார், மச்சாள், மச்சாளைத் தேடி வந்த அயல்வீட்டுப் பெண், சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டு இரண்டு பிள்ளைகள். "பக்கத்தில ஆராச்சும் இரிக்காங்களா?" என்று அவள் கேட்கிறாள். "ஒருத்தருமில்ல, நீ சொல்லு" என்கிறான் அவன். அவள் சொல்லத் தொடங்குகிறாள்: கூரை போடுவதற்கென்று அனுப்பிய காசு என்னவாயிற்று என்பது பற்றியும், மச்சாள் அடகு வைத்த தன் சங்கிலியைப் பற்றியும் முதலில் சொல்லுகிறாள், பின்னர் குரலைத் தாழ்த்தி, அந்த வீட்டு மூத்த மகன் இப்போதெல்லாம் இரவில் சமையலறை வாசலிலே வந்து நிற்கிறான் என்றும், தனக்குப் பயமாயிருக்கிறது என்றும் சொல்லுகிறாள்.

மறுநாட் காலையில் சங்கிலி விவகாரம் அந்த வீட்டிலே சண்டையாகிறது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், சங்கிலி பற்றிய சண்டை இல்லாத வீடு எது? ஆனால் மற்ற விஷயம் மதியத்துக்கு முன்னே கடைத்தெருவுக்குப் போய்விடுகிறது. போகும் வழியிலே அவளுடைய பயம் உதிர்ந்து, அவளுடைய நடத்தையைப் பற்றிய சந்தேகம் மட்டும் எஞ்சி நிற்கிறது. அவள் தன் ஆபத்தைத்தான் சொன்னாள். கேட்டுக்கொண்டிருந்த நீங்களோ அதிலே அவளுடைய குற்றத்தைக் கேட்டீர்கள். அந்த முறைப்பாட்டை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்துக்கு எடுத்துச் செல்ல வேண்டிய கணவன், ஊர்வாய்க்கு அஞ்சி அவளையே அதட்டுகிறான். அதற்குப் பின்பு ஒவ்வொரு அழைப்பிலும் அவள் "எல்லாம் சுகம்" என்று மாத்திரம் சொல்லுகிறாள். நீங்களும், பிரச்சினை தீர்ந்துவிட்டதென்று எண்ணிக்கொள்கிறீர்கள்.

இவ்வளவோடு நின்றாலும் ஒருவாறு ஆறுதல் கொள்ளலாம். பேசியதைப் பேசியபடியே பிடித்து வைக்கின்ற வசதி கைக்கு வந்த பிறகு, கணவனுக்கும் மனைவிக்கும் மனஸ்தாபம் நேர்ந்த ஏதோ ஒரு நாளில் அந்தப் பதிவு தம்பியின் போனுக்குப் போகிறது. தம்பியிடமிருந்து விளையாட்டுக் கழகத்தின் வட்ஸ்அப் குழுவுக்குப் போகிறது. அங்கிருந்து 'வொய்ஸ் கட்' என்ற நாமத்தோடு கட்டார், கனடா, சுவிஸ் என்று நம்மவர் வாழும் தேசமெல்லாம் சுற்றிவந்து, கடைசியில், அவளுக்கு இரங்கிய ஒரு தோழியின் வழியாக, அந்தச் சமையலறை மூலையில் இருக்கின்ற அவளுடைய போனுக்கே போய்ச் சேருகிறது. தன்னுடைய அழுகையைத் தானே கேட்கின்ற அந்தப் பெண்ணுக்கு நீங்கள் என்ன சமாதானம் சொல்லுவீர்கள் என்று நான் உங்களைக் கேட்கிறேன்.

ஊரென்றால் ஒருவர் பேச்சு மற்றவர் காதில் விழத்தான் செய்யும், இதை ஒரு பெரிய தோஷமாக எடுத்துப் பேசுவதா என்று உங்களுள் மூத்தவர் சிலர் நினைக்கக்கூடும். காதில் விழுவதைப் பற்றி எனக்கு ஒரு புகாருமில்லை. கிடுகு வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒருவர் மூச்சு ஒருவருக்குக் கேட்க வாழ்ந்த சனங்கள் நாம். அப்படி வாழ்ந்தமையினாலேதான், கேட்டும் கேளாமல் இருப்பதற்கென்று சில மரியாதைகளை நம் முன்னோர் உண்டாக்கி வைத்திருந்தனர். அயல்வீட்டுக்குப் போகிற பெரியவர் படலையடியில் நின்று ஒரு கனைப்புக் கனைப்பார். உள்ளே நடக்கின்ற பேச்சை முடித்துக்கொள்ளவும், அழுதவர் முகத்தைத் துடைத்துக்கொள்ளவும் அது அவகாசம் கொடுக்கும். கைத்தொலைபேசி வீடுதோறும் வருவதற்கு முன்னே, செங்கலடியிலும் மட்டக்களப்பிலும் இருந்த கொமினிகேசன் கடைகளிலே, வெளிநாட்டிலுள்ள மகனோடு பேசுவதற்காகத் தாய்மார் வரிசையில் காத்திருந்ததை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். கண்ணாடிக் கதவு பேருக்குத்தான். உள்ளே அழுகிற அழுகை வாங்கில் இருப்பவருக்கெல்லாம் கேட்கும். ஆயினும் உள்ளே ஒரு தாய் விம்மத் தொடங்கியதும், கடைக்காரர் எழுந்து வானொலியின் சத்தத்தைச் சற்றுக் கூட்டிவிடுவதையும், வரிசையில் நின்றவர்கள் தெருப் பக்கம் திரும்பிக்கொள்வதையும் நான் கண்டிருக்கிறேன். படிப்பு அதிகமில்லாத அந்தக் கடைக்காரருக்குத் தெரிந்திருந்த நாகரிகம், க.பொ.த. உயர்தரம் சித்தியெய்திய உங்களுக்குத் தெரியாதென்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை.

மேலும், வேறு எந்த ஊருக்கு இந்த வழக்கம் ஒரு சிறு பிழையாயிருந்தாலும், நமது ஊருக்கு அப்படியிருக்க நியாயமில்லை. 1990ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 5ஆம் திகதி, நமக்கு அடுத்த வந்தாறுமூலையிலே, கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் அகதிகளாய்த் தங்கியிருந்தவர்களுள் 158 பேர் படையினராற் கொண்டு செல்லப்பட்டனர். ஒருவரும் திரும்பி வரவில்லை. அக்காலத்துச் சுற்றிவளைப்புகளில் முகம் மூடி நின்று, பிடிக்கவேண்டியவரைத் தலையசைத்துக் காட்டிக்கொடுத்த தலையாட்டியின் முன்னே வரிசையாக நடந்து சென்றவர்கள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். உங்கள் வீட்டுப் பெரியவரைக் கேட்டால், அந்தச் சில அடி தூரத்தை நடந்து கடப்பது எப்படிப்பட்டதென்று அவர் சொல்லுவார், அல்லது சொல்லாமல் எழுந்து போவார். தலையாட்டிக்கு அந்த ஞானம் ஆகாயத்திலிருந்து இறங்கவில்லை. எந்த வீட்டில் எந்த இரவு யாருக்குச் சோறு கொடுக்கப்பட்டது, எந்தத் தாய் எந்த மகனுக்குப் போகாதே என்று மன்றாடினாள் என்பவற்றை வேலிக்கப்பால் நின்ற ஏதோ ஒரு செவி முன்னமே கேட்டிருந்தது. அந்தச் செவிக்குச் சொந்தக்காரர் எல்லோரும் துஷ்டர்களல்லர். சிலர் அச்சத்தினாற் சொன்னார்கள், சிலர் காணிச் சண்டையின் வன்மத்தாற் சொன்னார்கள், சிலர் ஒரு நல்ல கதை தெரிந்திருக்கும்போது வாயை மூடிக்கொண்டிருக்க இயலாத சுபாவத்தினாலேயே சொன்னார்கள். பின்வந்த ஆண்டுகளிலே ஆயுதம் ஏந்தியோரின் பெயர்கள் மாறின. 2004இல் விடுதலைப் புலிகளிடையே நேர்ந்த பிளவுக்குப் பின் நம் பக்கத்தில் அவை பலவாயின. எத்தரப்பினராயினும் அவர்களுக்குச் செவிகள் தேவைப்பட்டன. ஊர் அவற்றைக் கொடுத்தது.

துப்பாக்கிகள் ஓய்ந்து ஆண்டுகள் பல கழிந்தும், நம்முடைய தாய்மார் வீட்டுக்குள்ளே கூடக் குரலைத் தாழ்த்திப் பேசுகின்ற பழக்கத்தை விட்டபாடில்லை. காணாமற் போன பிள்ளையைப் பற்றி ஒரு தாய் இன்னொரு தாயிடம் வாய்திறந்து பேசுவதற்கு எத்தனை காலம் எடுத்தது என்பதை நீங்கள் கண்ணாற் கண்டவர்கள். ஒட்டுக்கேட்பவன் ஓரிரு செய்திகளைத்தான் எடுத்துக்கொண்டு போகிறான் என்று நினையாதீர்கள். இன்னொருவரிடம் மனம்விட்டுப் பேசலாம் என்ற விசுவாசத்தையே அவன் எடுத்துக்கொண்டு போகிறான். கடன்காரனுக்கு அஞ்சுபவளும், கணவனால் அடிபடுபவளும், தூக்கமில்லாமல் இருளை வெறித்துக்கொண்டிருக்கின்ற இளைஞனும் முதலில் ஒரு மனிதரிடம் இரகசியமாகத்தான் பேசத் தொடங்குவார்கள். அந்த முதற்பேச்சு ஊரெல்லாம் ஒலிக்கும் என்ற பயம் வந்துவிட்டால், அவர்கள் பேசவே மாட்டார்கள். பேசாதவர்களுக்கு உதவி செய்ய எந்த அரசாங்கத்தாலும் எந்த வைத்தியராலும் முடியாது. என்னுடைய முறைப்பாடு முழுவதும் இந்த ஒன்றுதான்.

வள்ளுவருக்கே ஒற்று உடன்பாடுதானே, அதற்கென்று ஓர் அதிகாரமே வகுத்தாரல்லவா என்று நம்மூர்ப் பட்டதாரி ஒருவர் என்னிடம் வாதாடினார். வாதம் சாமர்த்தியமானது, ஆனால் அவர் அந்த அதிகாரத்தின் தலைப்பைத் தாண்டவில்லை என்று அஞ்சுகிறேன். ஒற்றாடலை வள்ளுவர் வைத்த இடம் அரசியல். நாடு காக்கும் பொறுப்புடையவனுக்கு அதைக் கருவியாகக் கொடுத்தார். அவனுக்கும் அதைச் சும்மா கொடுத்துவிடவில்லை: ஓர் ஒற்றன் கேட்டு வந்ததை மற்றோர் ஒற்றனைக் கொண்டு ஒத்துப் பார்க்க வேண்டும், ஒருவரையொருவர் அறியாத மூவர் சொல்லும் ஒன்றுபட்டால்தான் தெளிய வேண்டும் என்று கட்டுப்பாடு விதித்தார். அதாவது, ஒளிந்து கேட்ட செவி தப்பாகவே கேட்கும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. உங்களையும் என்னையும் போன்ற குடும்பத்தாருக்கோ, இல்லறவியலிலே புறங்கூறாமையைத்தான் அவர் வைத்தார். அரசனை அண்டி வாழ்பவனுக்குக்கூட, அரசன் மறைவாகப் பேசும்போது செவிகொடுக்காதே, என்னவென்று துருவிக் கேட்காதே, அவனே சொன்னாற் கேட்டுக்கொள் என்றுதான் புத்தி சொன்னார். நமது மச்சானுடைய குடும்ப விவகாரத்தில் அரசனுக்குரிய அதிகாரம் நமக்கு எப்படி வந்தது?

இனி, நீங்கள் வழக்கமாகச் சொல்லுகின்ற நியாயங்களுக்கு வருகிறேன். உண்மையைத்தானே வெளியிட்டோம், பொய் ஒன்றும் சேர்க்கவில்லையே என்பது முதலாவது. நாற்பது நிமிஷச் சம்பாஷணையிலே நாற்பது விநாடியை அறுத்தெடுத்து, அதற்கு முன்னும் பின்னும் அவர் சொன்னதை விட்டுவிட்டு, கோபத்திற் சொன்னதைக் கொள்கையாகவும் பகிடிக்குச் சொன்னதைச் சதியாகவும் காட்டுகின்ற ஒன்றை உண்மையென்று நீங்கள் அழைப்பது எனக்கு வியப்பாயிருக்கிறது. முழுவதையும் வெளியிட்டாலும் என் வழக்கு மாறாது. ஒருவன் தன் தமையனிடம் சொல்வதும் சபையிலே சொல்வதும் ஒரே வாயிலிருந்து வந்தாலும் ஒரே கூற்றல்ல. தமையன் என்று நம்பிச் சொன்னதை நீங்கள் சபைக்கு மாற்றும்போது, அவன் சொல்லாத ஒன்றை அவன் வாயில் வைக்கிறீர்கள்.

பெரிய இடத்திலேயே நடக்கிறதே என்பது இரண்டாவது. உண்மைதான். 2020ஆம் ஆண்டு ஜனவரி 4ஆம் திகதி, சிங்களத் திரைப்பட நடிகரும் அந்நாளைய பாராளுமன்ற உறுப்பினருமான ரஞ்சன் ராமநாயக்க அவர்களின் மாதிவெல இல்லத்தைப் பொலிசார் சோதனையிட்டு அவரைக் கைது செய்தபோது, ஆண்டுக்கணக்காக அவர் பதிந்து வைத்திருந்த தொலைபேசி உரையாடல்களும் அகப்பட்டன. அடுத்த நாட்களில் அவை சமூக ஊடகங்களிற் பெருக்கெடுத்தன. நீதிபதிகளோடும் பொலிஸ் உயரதிகாரிகளோடும் வழக்குகளைப் பற்றி ஓர் அரசியல்வாதி பேசிய பேச்சு நாட்டுக்குத் தெரியவேண்டியதே என்று வாதிப்போரோடு நான் மல்லுக்கு நிற்கமாட்டேன். ஆனால் அதே மூட்டையிலிருந்து, அரசியலோடு யாதொரு சம்பந்தமுமில்லாத அந்தரங்கப் பேச்சுகளும் சேர்ந்தே அவிழ்ந்து விழுந்தன. அவற்றைத்தான் சனங்கள் விரும்பிக் கேட்டார்கள் என்பதை அந்நாட்களில் நம்மூர்த் தேநீர்க்கடையில் இருந்த எவரும் அறிவர். பதிந்தவரே ஒருநாள் பதிவின் சாவியை இழப்பார் என்ற பாடம் அந்த மூட்டையின் அடியிற் கிடக்கிறது. இங்கிலாந்திலே, கொலையுண்ட ஒரு பள்ளிச் சிறுமியின் தொலைபேசியிற் கிடந்த குரற்செய்திகளைப் பத்திரிகைக்காரர் ஒளிந்து கேட்டார்களென்பது வெளிப்பட்டபோது எழுந்த அருவருப்பைத் தாங்கமாட்டாமல், 168 ஆண்டு நடந்த 'நியூஸ் ஒஃப் த வேர்ல்ட்' பத்திரிகை 2011 ஜூலையில் மூடப்பட்டதையும் உங்களுக்கு நினைவூட்டுகிறேன்.

சாட்சிக்கு வேறு வழியில்லையே என்ற மூன்றாவது நியாயம் கனமானது. அதை நான் இலேசாகத் தள்ளிவிட விரும்பவில்லை. உங்களையே ஒருவன் மிரட்டுகிறான், இலஞ்சம் கேட்கிறான், ஒரு பெண்ணைத் தகாத விதமாகத் தொந்தரவு செய்கிறான் என்றால், அந்த அழைப்பைப் பதிந்துகொண்டு சட்டத்தரணியிடமோ பொலிசிடமோ செல்வது உங்கள் தற்காப்பு. அதை எவரும் ஒட்டுக்கேட்டலென்று சொல்லார். இந்திய உச்ச நீதிமன்றமும், மனைவியோடு பேசியதை அவள் அறியாமற் பதிந்த ஒரு கணவனின் பதிவை விவாகரத்து வழக்கிற் சாட்சியமாகக் கொள்ளலாமென்று 2025 ஜூலையில் தீர்ப்புச் செய்திருக்கிறது. அதை ஒரு வெற்றிப் பத்திரம்போலச் சிலர் எனக்கு அனுப்பி வைத்தார்கள். தம்பதிகள் ஒருவரையொருவர் வேவு பார்க்கும் நிலை வந்துவிட்டதென்றால் அந்த உறவு முன்னமே முறிந்துவிட்டதற்கு அதுவே அடையாளம் என்றும் அந்தத் தீர்ப்புக் கூறுவதை அவர்கள் வாசிக்கவில்லை போலும். அன்றியும், நீதிமன்றத்துக்கு என்று பதிந்தது நீதிமன்றத்துக்குப் போகட்டும். விளையாட்டுக் கழகத்தின் குழுவிலே எந்த நீதவான் இருக்கிறார்? மற்றவர் இருவருக்கிடையில் நடக்கும் பேச்சை இடைமறித்துக் கேட்பதோ, நமது நாட்டிலே, 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புச் சட்டத்தினாலும் 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தினாலும் தடுக்கப்பட்ட செயல். சட்டத்தைக் காட்டி உங்களை வெருட்டுவது என் நோக்கமன்று. வெருட்டப்பட்டு அடங்கியவர்கள் நாம் போதுமான அளவு இருக்கிறோம்.

பெண்பிள்ளையின் போனைத் தகப்பன் பார்க்கக்கூடாதா என்று கேட்பவர்களுக்கு மறுமொழி சுருக்கமானது. பாருங்கள், ஆனால் பார்க்கிறேன் என்று அவளிடம் சொல்லிவிட்டுப் பாருங்கள். கதவுக்குப் பின்னால் நிற்கின்ற தகப்பனைக் கண்டுபிடித்த மகள், அடுத்த முறை கதவில்லாத இடத்துக்குப் போய்ப் பேசுவாள்.

ஒரு புதினமும் சொல்லவேண்டும். அழைப்பைப் பதிகின்ற செயலிகளுக்கு அன்ட்ரொய்ட் போன்களில் இருந்த பின்கதவை 2022 மே மாதத்திலே கூகுள் நிறுவனம் அடைத்தது. ஆப்பிள் நிறுவனம் 2024இல் ஐபோனுக்குப் பதிவு வசதியைக் கொடுத்தபோதோ, இந்த அழைப்பு பதியப்படுகிறது என்று இரு முனையிலும் கேட்கும்படி ஒரு குரல் அறிவித்த பின்னரே பதிவு தொடங்குமாறு அமைத்தது. இலாபத்தையன்றி வேறு தெய்வத்தை அறியாத வியாபாரிகளே படலையடியில் நின்று கனைக்கக் கற்றுக்கொண்டார்கள். நீங்களோ அந்தக் கனைப்பை அடக்குவதற்கு எந்தச் செயலியை ஏற்றலாமென்று செங்கலடிப் போன் கடையில் விசாரித்துத் திரிகிறீர்கள்.

ஆகவே அன்பர்களே, உங்களிடம் நான் யாசிப்பது இது. இந்த மடலை வாசித்து முடித்ததும் உங்கள் போனை எடுத்து, எல்லா அழைப்பையும் தானாகப் பதிகின்ற அமைப்பு திறந்திருக்குமானால் அதை மூடிவிடுங்கள். சேர்ந்து கிடக்கின்ற பழைய பதிவுகளை, கடைசியாக ஒருதரம் கேட்டுப் பார்ப்போமே என்ற ஆசைக்கு இடங்கொடாமல் அழித்துவிடுங்கள். உங்கள் சொந்தப் பாதுகாப்புக்கென்று பதிந்தவை இருந்தால் அவற்றைச் சட்டத்தரணியிடம் ஒப்படையுங்கள். வெளிநாட்டிலிருந்து மனைவியோ மகளோ அழைக்கும்போது போனை ஸ்பீக்கரில் போட நேர்ந்தால், முதல் வார்த்தையாக, இன்னார் இன்னார் இருக்கிறோம் என்று அவளுக்குச் சொல்லுங்கள்; கிழமையில் ஒரு தரமாவது போனைக் காதிலே வைத்துக்கொண்டு வளவுப் பக்கம் நடந்து போய், அவளோடு தனியாகப் பேசுங்கள். மாமிமாரே, மச்சாள்மாரே, அந்த நேரத்தில் உங்களுக்கு அடுப்படியில் அவசர வேலை இருக்கட்டும்.

கழகத் தலைவர்களும் குழுக்களை நடத்துகின்ற இளைஞர்களும், யாருடைய குரலாயினும் அவருடைய சம்மதமின்றி வந்து விழுகின்ற 'வொய்ஸ் கட்'டைத் திறந்து கேட்காமலே நீக்கிவிடுவதென்றும், போட்டவரைக் குழுவில் வைத்து வையாமல் தனியாக அழைத்துச் சொல்லுவதென்றும் தமக்குள் ஓர் ஒழுங்கு செய்துகொள்ள வேண்டுகிறேன். நமது சித்திரவேலாயுத சுவாமி கோயில் மகோற்சவத்துக்கென்று விடுமுறை கேட்டு வருகின்ற பெண்களுள், தம் குரலை ஊர் முழுவதும் கேட்டுவிட்டதென்ற கூச்சத்தினால் வீட்டை விட்டு வெளிவராதவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும் வீடுகள் எவையென்று உங்களுக்குத் தெரியும். கொடியேறுவதற்கு முன்னே அந்த வீடுகளுக்கு உங்கள் வீட்டுப் பெண்களை அனுப்பி, கோயிலுக்குச் சேர்ந்து போவோம் வா என்று அழையுங்கள். மன்னிப்புக் கேட்கத் துணிவு உள்ளவர்கள் கேளுங்கள், இல்லாதவர்கள் அழைப்போடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இந்த மடலுக்கு மறுப்பு எழுத விரும்புவோர் தாராளமாக எழுதலாம். என் வீடு தெரியும், நேரிலும் வரலாம். ஆனால் யார் யாரைப் பற்றி என்ன பேசினார்கள் என்பதை ஆதாரமாகக் கொண்டுவர வேண்டாம்; நான் அதைக் கேட்கமாட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் ஊரவன்,
ஓய்வுபெற்ற ஆசிரியன்,
சித்தாண்டி.